அழகுமலையின் இரண்டு ஏக்கர் பச்சை

போடிநாயக்கனூரில் வரப்புக்காக அண்ணன் தம்பி பேசாமல் போனதுண்டு. தண்ணீருக்காக மாமன் மச்சான் பேசாமல் போனதுண்டு. ஒரு நிறத்துக்காக அப்பனும் மகளும் பேசாமல் போனது அழகுமலை வீட்டில்தான். அந்த நிறம் பச்சை.

மகள் முத்துப்பிரியாவுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலை. ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். கீழே காயைத் தரம் பிரித்தார்கள், மேலே மலையைத் தரம் பிரித்தார்கள். குரங்கணிக்கு மேலே முகடு வரைக்கும் பெய்கிற மழை எந்தெந்தச் சரிவில் இறங்கி ஒரே ஆற்றில் வந்து சேர்கிறதோ, அந்தப் பரப்பு முழுவதையும் ஒரே நீர்வடிப்பகுதியாகக் கோடு போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கே மண் அரித்துப் போகும், எங்கே போகாது என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். சிவப்பு விழுந்தால் மண் போகப்போகிறது என்று அர்த்தம். மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். பச்சை என்றால் கவலை இல்லை. சிவப்பு விழுந்த தோட்டங்களில் நிறுவனம் தன் செலவிலேயே சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு கட்டிக் கொடுக்கும்.

இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒவ்வொருவரும் தன் நிலத்தைப்போல மோசமான நிலம் உலகத்திலேயே கிடையாது என்று பேச ஆரம்பித்தார். வங்கியில் கடன் கேட்கும்போது பொன் விளையும் பூமியாக இருந்ததெல்லாம் ஒரே வாரத்தில் உருப்படாத சரிவாக மாறிவிட்டது. மாடிப்படி ஏறி வந்து, "எனக்குக் கொஞ்சம் நல்ல சிவப்பாப் பாத்துப் போடு தாயி" என்று கேட்டவர்களும் உண்டு.

அழகுமலைக்கு மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். அந்தக் குடும்பத்துக்கு அதைத் தவிர வேறு நிலம் கிடையாது. முத்துப்பிரியா படித்ததும் அதில்தான், அவள் அம்மா பாண்டியம்மாளின் காதில் கிடப்பதும் அதில்தான். பக்கத்துத் தோட்டம் சோலை என்பவருடையது. சோலை தூரத்துப் பங்காளி. முத்துப்பிரியாவுக்குச் சித்தப்பா முறை. அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னால், சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சோலைதான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதலில் ஆரம்பித்தார். "மேப்பு போடுறது யாரு? அழகுமலை அண்ணன் மக. பெறகென்ன? அப்பன் நிலத்துக்கு ரத்தமாட்டம் சிவப்பு அடிப்பா, பாத்துக்கிட்டே இரு. மிச்சம் மீதி இருந்தா நமக்கு."

இது பாண்டியம்மாள் வழியாக முத்துப்பிரியாவின் காதுக்கு வந்தது. அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறைகூட அடுத்தவள் தாளை எட்டிப் பார்த்ததில்லை என்பதை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற பெண் அவள். அப்படிப்பட்டவளிடம் ஊர் விளையாடக் கூடாது.

அவள் கணக்கை ஒழுங்காகவே போட்டாள். எவ்வளவு மழை பெய்கிறது, என்ன வகை மண், சரிவு எவ்வளவு செங்குத்து, எவ்வளவு நீளம், மண்ணை மூடிக்கொண்டு என்ன நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பெருக்கினாள். கடைசி விஷயத்துக்குச் செயற்கைக்கோள் படம் தேவைப்பட்டது. இந்த மலையில் மேகம் இல்லாத படம் கிடைப்பது லேசான காரியமல்ல. மாசி மாதத்துப் படம் ஒன்று துடைத்து வைத்த தட்டுப்போல அவ்வளவு தெளிவாகக் கிடைத்தது. அதில் ஏலத்தோட்டங்கள் எல்லாம் நிழல்மரங்களுக்கு அடியில் அடர்ந்த காடாகத் தெரிந்தன. காடு என்றால் மண்ணுக்கு நல்ல போர்வை. மலையின் மேல்பாதி பச்சையாக வந்தது. அப்பா நிலமும் பச்சை, சோலை நிலமும் பச்சை.

அன்று சாப்பிடும்போது அழகுமலை கேட்டார். "என்ன ஆத்தா, நம்ம நெலம் என்ன கலரு?"

"பச்சைப்பா."

"அங்கிட்டு நிக்கவே கால் வழுக்கும். அது பச்சையா?"

"சரிவு மட்டும் கணக்கு இல்லப்பா. மேல மரம் இருக்குல்ல."

"ஒரு வரிசைக் கல்லாவது..."

"கணக்குல என்ன வருதோ அதான் போட முடியும். ஒங்களுக்குன்னு மாத்த முடியாது."

அழகுமலை தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து அவர் மகளிடம் நேரடியாகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பாண்டியம்மாளிடம் சொன்னார். மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் பாண்டியம்மாளிடம்தான். "அந்த ஆபீசரம்மாவ வெரசாச் சாப்பிடச் சொல்லு, கொழம்பு ஆறுது." பாண்டியம்மாள் திரும்பி, "வெரசாச் சாப்பிடுவியாம்" என்பாள். இப்படியே பங்குனி போனது, சித்திரையும் போனது.

டீக்கடையில் காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது. தன் நிலத்துக்கும் கல் இல்லை என்கிற வருத்தம் சோலைக்கு இருந்தாலும், பக்கத்து நிலத்துக்கும் இல்லை என்பது அதைப் பெருமளவு ஆற்றிவிட்டது. "தங்கமான பொண்ணுப்பா. பெத்த அப்பன்னுகூடப் பாக்கல" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். முத்துப்பிரியா தெருவில் போனால் பெரியவர்கள் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டார்கள். இந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொன்னால், ரொம்பவே பிடித்திருந்தது.

வைகாசியில் வரைபடத்தை நேரில் சரிபார்க்க அவள் மேலே போனாள். குரங்கணி வரை ஜீப்பு, அப்புறம் நடை. மூச்சு வாங்கி மேலே ஏறி நின்றவள் முதலில் வழி தவறி வேறு எங்கோ வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். படத்தில் அடர்காடாக இருந்த சரிவில் வெயில் தரைவரைக்கும் இறங்கிக் கிடந்தது. மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன. வெட்டிய கிளைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஏலச்செடித் தூர்களைச் சுற்றிக் களை பறித்து, சருகை வாரி, கூட்டிவிட்ட வாசல்போல வைத்திருந்தார்கள்.

மழைக்கு முன்னால் கிளை கழிக்கிறார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். மழைக்காலத்தில் நிழல் அதிகமானால் ஏலத் தூர் அழுகும். அதனால் வைகாசி பிறந்ததும் மரத்தில் ஏறிக் கிளையை இறக்கிவிடுவார்கள். கிளை கழிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். இந்த வருஷமும் அப்பா அதே புலம்பலைப் பாண்டியம்மாளிடம் புலம்பினார், இவள் எதிரில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி இதைத் தெரியாமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். இவள் ஏலத்தோட்டத்துக்காரர் மகள். மாசியில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஆடி மழைக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைக்கலாம் என்று தோன்றியது. சோலை தோட்டத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் வைக்கவில்லை.

நல்லவேளையாக, அந்த வாரமே மேகம் விலகிய ஒரு நாளில் எடுத்த புதுப் படம் கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் பழைய படத்தை எடுத்துவிட்டு அதை வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். மலையின் மேல்பாதி சிவந்தது. சோலை நிலம் சிவப்பு, அதற்கு அங்கிட்டுச் சிவப்பு, இங்கிட்டுச் சிவப்பு. நடுவில் அப்பாவின் இரண்டு ஏக்கர், இருப்பதிலேயே செங்குத்தான சரிவு என்பதால், எல்லாவற்றையும்விட அழுத்தமான சிவப்பு.

முத்துப்பிரியா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தப்பு கண்டுபிடிக்கப்பட்டது, திருத்தியும் ஆயிற்று. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அவள் மனசு மலையில் இல்லை, டீக்கடையில் இருந்தது. 'முதல்ல பச்சைன்னு நாடகம் போட்டா. இப்பப் பாரு, அப்பன் மொகத்தத் தூக்கி வச்சதும் மலையவே சிவப்பாக்கிட்டா. அதுலயும் அப்பன் நெலந்தான் அதிகச் சிவப்பு.' சோலையின் குரல் அட்சரம் பிசகாமல் கேட்டது. சோலை அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்குப் பச்சையாகவே விட்டுவிட முடியாது. அது அநியாயம். அப்பாவுக்குச் சிவப்பு போடவும் முடியாது. அது ஊர் வாய்க்கு அவல். அவள் அந்த இரண்டு ஏக்கரை மட்டும் சுற்றிக் கட்டம் கட்டினாள். கட்டத்துக்குள் பழைய எண்ணை வைத்தாள். சிவந்த சரிவின் நடுவில் கைக்குட்டை அளவுக்குப் பச்சை வந்து உட்கார்ந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் 'கள ஆய்வில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினாள். தனக்கு வரவேண்டியதைத்தானே விட்டுக்கொடுக்கிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் நினைத்தாள். மேசையில் சோற்றுப் பாத்திரம் திறக்காமல் இருந்தது. பிறகு திறந்து சாப்பிட்டாள்.

அலுவலகத் தலைவர் யோகராஜ் புது வரைபடத்தைப் பார்த்தார். அவர் எதைப் பார்த்தாலும் முதலில் "நல்லது" என்பார். பிறகுதான் பார்ப்பார்.

"நல்லது. ஏம்மா இவ்வளவு சிவப்பு?"

அவள் கிளை கழிக்கும் கதையைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார்.

"நல்லது. இந்த நடுவுல பச்சை?"

"எங்க அப்பா நெலம் சார்."

யோகராஜ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பச்சை ஏன் பச்சையாக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அப்பா நிலம் என்று சொன்ன பிறகு கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அழகுமலையே மாடிப்படி ஏறி வந்தார். செய்தி சோலை வழியாகப் போயிருந்தது. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இத்தனை நாளைக்குப் பிறகு மகளிடம் நேராகப் பேசினார்.

"சுத்தி முச்சூடும் சிவப்பா இருக்கு. நடுவுல நமக்கு மட்டும் எப்படி ஆத்தா பச்சை?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பக்கத்து மேசையில் யோகராஜ் இருந்தார். இரண்டு தோட்டக்காரர்கள் தங்கள் சிவப்பைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கணக்குல அப்படித்தாம்ப்பா வருது."

"ரெண்டாவது தடவையும் பாத்தியா?"

"பாத்தேன்."

அழகுமலை தலையாட்டினார். கோபம் போய்விட்டது. அதுதான் கொடுமை. ஒரு தடவை பச்சை என்றால் மகள் வீம்புக்குச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். மலையே சிவந்த பிறகும் பச்சை என்றால் அது நிஜமாகவே பச்சையாகத்தான் இருக்க வேண்டும். அன்று வீட்டில் பாண்டியம்மாளிடம் சொன்னார். "நம்ம கையாலயே நாலு வரிசை கல்லு அடுக்கிரலாம்னு ஆளுக்குச் சொல்லி வச்சிருந்தேன். வேணாம்னுட்டேன். நம்ம எடத்துல மண்ணு கெட்டியா இருக்காம். புள்ள ரெண்டு தடவை பாத்திருக்கா. அந்தச் செலவுக்குப் புதுத் தூர் வச்சிருவோம்."

முத்துப்பிரியா இதை உள்ளறையிலிருந்து கேட்டாள். எழுந்து வாசல்நிலை வரைக்கும் வந்தாள். அப்பா அவளைப் பார்த்து, "வா ஆத்தா, சாப்பிடு" என்றார். இரண்டு மாதமாக அந்தக் குரலுக்கு ஏங்கியிருந்தவள். உட்கார்ந்து சாப்பிட்டாள். வயிறு நிறைந்தது, மனசு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கல்வரப்பு வேலை ஆனிக்குள் முடிந்தது. சோலை தோட்டத்தில் வரிசை வரிசையாக, பார்க்க லட்சணமாகக் கட்டினார்கள். சரிவில் ஓடிவரும் தண்ணீர் வரப்பில் முட்டி, வேகம் குறைந்து, பக்கவாட்டில் நகர்ந்து, வரப்பு முடியும் இடத்தில் இறங்கும். அதுதான் ஏற்பாடு. அங்கிருந்து அடுத்த தோட்டத்தின் வரப்பு அதை வாங்கிக்கொண்டு ஓடைவரைக்கும் கொண்டுபோய்விடும். சோலையின் வரப்புகள் அழகுமலையின் எல்லையில் முடிந்தன. அங்கிட்டுத் தோட்டத்தின் வரப்புகளும் அழகுமலையின் எல்லையில் முடிந்தன. நிறுவனச் செலவில் பச்சை நிலத்துக்குள் ஒரு கல்கூட வைக்கக் கூடாது என்பது விதி. விதியை யாரும் மீறவில்லை.

ஆடி பிறந்து மழை பிடித்தது. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் நடுவில் வந்து சேர்ந்தது. சோலை நிலத்தில் ஒரு கூடை மண்கூட நகரவில்லை. அழகுமலை நிலத்தில் ஏலத் தூர்கள் வேரோடு, காய்ச்சரத்தோடு, உட்கார்ந்த நிலையிலேயே இறங்கிப் போயின. புதுத் தூர்கள் முதலில் போயின. மழை விட்டதும் அழகுமலை மேலே போய்ப் பார்த்தார். கீழே பாறை தெரிந்தது. அந்தப் பாறை அங்கே இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். மண் கொட்டகுடி ஆற்றில் செம்பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் சாகவில்லை, காயம்கூட இல்லை. அதனால் செய்தித்தாளில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பாண்டியம்மாளிடம் சொன்னார். "போச்சு புள்ள." அவ்வளவுதான் சொன்னார். பாண்டியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முத்துப்பிரியா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "கணக்கு சில நேரம் தப்பும். வானத்துக்கு உன் கம்ப்யூட்டரு தெரியுமா? விடு."

சுதந்திர தினத்தன்று அலுவலகத்தின் முன்னால் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு யோகராஜ் மைக்கைப் பிடித்து, இந்த வருஷம் ஒரு சிறப்புப் பாராட்டு இருக்கிறது என்றார். முத்துப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தோட்டக்காரர்கள் சார்பாக இரண்டு வார்த்தை பேச சோலை வந்தார். இரண்டு வார்த்தை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"நெனச்சிருந்தா அப்பன் நெலத்துக்கு ஒரு வரிசை கல்லு வச்சிருக்கலாம். யாரு கேக்கப்போறா? வைக்கல. நெலமே போச்சு. அப்பயும் வாயத் தொறக்கல. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ண எங்க பாக்குறது?"

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அழகுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார். கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்து எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். முத்துப்பிரியாவால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாண்டில் பஸ்சுக்கு நின்றார்கள். பொன்னாடையை அவள் மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"அப்பா, நம்ம நெலம் சிவப்புத்தான்."

"இப்பச் சிவப்புத்தான். மண்ணே இல்லயே."

"அப்பயும் சிவப்புத்தான். இருக்கதுலயே அதுதான் அதிகச் சிவப்பு. கணக்கு தப்பலப்பா. நாந்தான் அத மட்டும் பச்சையா மாத்தி வச்சேன்."

அழகுமலை அவளைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று அவள் காத்திருந்தாள். போட்டால் தேவலை என்றிருந்தது.

"எதுக்கு?"

"அப்பன் நெலத்துக்குச் சிவப்பு அடிச்சிட்டான்னு பேசுவாங்கன்னு."

"யாரு பேசுவாங்க?"

ஊர் என்று சொல்ல நினைத்தாள். யோசித்துப் பார்த்தால் ஊரில் அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது.

"சோலை சித்தப்பா."

"சோலையா?" என்றார் அழகுமலை. இரண்டு ஏக்கரையும் அந்தப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்போல நின்றார். "நாலு வரிசை நானே அடுக்கியிருப்பேனே, ஆத்தா. எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

அந்த நேரம் பார்த்து சோலையே வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் கொடி குத்தியிருந்தது, வாயில் விழா மிட்டாய்.

"அண்ணே! குடுத்து வச்சவருண்ணே நீங்க. நெலம் போனா போகட்டும். பொண்ண எப்படி வளத்திருக்கீங்க! நேர்மைன்னா நேர்மை."

முத்துப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா இப்போது சொல்லிவிடுவார். சொல்லட்டும். டீக்கடையில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். பங்காளியின் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். "ஆமாப்பா. எம்மக அப்படித்தான். பெத்தவன்னுகூடப் பாக்க மாட்டா."

முத்துப்பிரியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று சோலை அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.